பூட்டை அடைத்த பிறகும் கதவு திறந்தது எப்படி?

சென்ற வருடம் ரமழான் முடிந்து சில நாட்களில் பூண்டுலோயாவில் இருக்கும் என் பெரியும்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து, நான்கு வருடங்கள் சுகமாக இருந்தவர். நோன்புக்குச் சற்று முன்புதான் நோய் மறுபடியும் தலைகாட்டியிருப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். தேநீரைத் தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்தவர், சுகம் விசாரிக்கக்கூட விடாமல் ஒரு கேள்வி கேட்டார்.

“மகள், இந்தக் குளிசை ஹோமோன்ட பூட்டுக்குள்ள மெழுகு அடைச்ச போல எண்டு நீங்க தானே சொன்ன? நாலு வருஷமாக் குடிச்சேன். பூட்டு அடைச்சுத்தானே இருந்த? அப்ப கதவு எப்பிடித் திறந்த?”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “போன வருஷ நோன்புல ஸஹருக்கு எழும்பி, ரெண்டு மூணு நாள் குளிசைய மறந்து போன. அதாலயா?”

நான் உயிரியல் கற்பிப்பவள். அந்தப் பூட்டுக் கதையைச் சொன்னதும் நான்தான். அது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி எனக்கும் அப்போது தெளிவாகத் தெரியாது. பெரியும்மாவுக்குப் பதில் சொல்வதற்காகவே தேடிப் படித்தேன். படித்ததை நம் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நம் வீடுகளில் எத்தனையோ பேர் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் இருக்கிறார்கள். இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான்.

ஓமோனும் வாங்கியும்

ஈஸ்ரஜன், புரோஜெஸ்தரோன், தெஸ்தெஸ்தரோன், கோட்டிசோல் ஆகியவை ஸ்டெரொயிட் ஓமோன்கள். இவை அனைத்தும் கொலஸ்தரோலிலிருந்து ஆக்கப்படுபவை. கொழுப்பில் கரையும் தன்மை இருப்பதால், கொழுப்பாலான கல மென்சவ்வை இவை தடையின்றிக் கடந்து உள்ளே போய்விடும்.

அப்படியானால் குருதியில் ஓடும் ஈஸ்ரஜன் உடலின் எல்லாக் கலங்களுக்குள்ளும் நுழைய வேண்டுமே. மார்பகமும் கருப்பையும் மட்டும் ஏன் அதற்கு அதிகமாகப் பதில் சொல்கின்றன? சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற விஞ்ஞானி 1950களின் இறுதியில் இதற்கு விடை தேடினார். கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசனால் அடையாளமிட்ட ஈஸ்ரஜனை எலிகளுக்குக் கொடுத்து, அது எங்கே தங்குகிறது என்று பார்த்தார். மற்ற உறுப்புகளில் அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. கருப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. பிடித்து வைத்திருந்தது ஒரு புரதம். அதுவே ஈஸ்ரஜன் வாங்கி.

இந்த வாங்கி 595 அமினோவமிலங்களாலான ஒரு புரதச் சங்கிலி. ஓமோன் வராதபோது வேறு சில புரதங்கள் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓமோன் வந்து அதன் பைக்குள் அமர்ந்ததும் வாங்கியின் வடிவம் மாறும். தாங்கியிருந்த புரதங்கள் விலகும். இரண்டு வாங்கிகள் ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.யில் தமக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு துணைப் புரதங்களை அழைத்து, அங்குள்ள பரம்பரையலகுகளை வேலை செய்ய வைக்கும். அந்த வேலைகளில் முக்கியமான ஒன்று, கலம் பிரிந்து பெருகுவது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பிரட்டுக்களத்தை வைத்துச் சொல்வேன். காலையில் துரையின் கட்டளை ஒப்பீஸிலிருந்து வரும். கங்காணி அதைக் கேட்டு, ஆட்களைத் திரட்டி, இன்ன மலைக்குக் கொழுந்தெடுக்கப் போங்கள் என்று அனுப்புவார். ஓமோன்தான் துரையின் கட்டளை. வாங்கிதான் கங்காணி. கொழுந்தெடுக்கப் போகும் ஆட்கள் துணைப் புரதங்கள். மலை, பரம்பரையலகு.

மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு எழுபது அளவில் ஈஸ்ரஜன் வாங்கி உள்ளவை. தமொக்சிபென் என்ற குளிசை அந்த வாங்கியின் பைக்குள் ஓமோனுக்கு முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் பெரியும்மாவுக்குச் சொன்ன மெழுகு இதுதான். துரையின் கட்டளை கங்காணியின் காதில் விழாமல் பஞ்சு அடைத்தது போல என்றும் சொல்லலாம்.

இந்தக் குளிசைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கை இருப்பது நம் மாணவிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1962 இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுகூடத்தில் இந்தச் சேர்வையைத் தயாரித்தவர் டோரா ரிச்சர்ட்சன் என்ற இரசாயனவியலாளர். கருத்தடை மருந்தாகும் என்று எண்ணித்தான் அதைச் செய்தார்கள். அதற்கு அது உதவவில்லை. பின்னர் மன்செஸ்டரில் உள்ள கிறிஸ்டி வைத்தியசாலையில் மேரி கோல் என்ற பெண் டொக்டர் அதை முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1971 இல் முடிவுகளை வெளியிட்டார். ஒன்றுக்கு உதவாதது என்று ஒதுக்கப்படவிருந்த மருந்து உலகம் முழுக்கப் பெண்களின் உயிர்காக்கும் குளிசையானது.

வெளியே நிற்கும் செய்தி

இனி நான் சொல்லாமல் விட்ட பாதிக்கு வருவோம்.

கலத்துக்கு வரும் செய்திகள் எல்லாம் ஸ்டெரொயிட் ஓமோன்களாக வருவதில்லை. இன்சுலினும் பலவகை வளர்ச்சிக் காரணிகளும் புரதங்கள். அவற்றால் மென்சவ்வைக் கடக்க முடியாது. அவை வெளியே நின்று, கலத்தின் மேற்பரப்பில் அன்டெனா போல நீட்டிக்கொண்டிருக்கும் வேறு வகை வாங்கிகளைத் தொடும். தொட்டதும் அன்டெனாவின் உட்புறம் விழித்துக்கொள்ளும். அங்கிருந்து செய்தியைக் கைமாற்றி உள்ளே கொண்டுபோகும் புரதங்களைத்தான் சமிக்ஞைப் புரதங்கள் என்கிறோம்.

இவற்றில் பல கைனேசுகள் எனப்படும் நொதியங்கள். ஒரு கைனேசு செய்யும் வேலை சிறியது: இன்னொரு புரதத்தின் மேல் ஒரு பொசுபேற்றை ஒட்டிவிடுவது. ஒட்டப்பட்ட புரதம் விழித்தெழுந்து அடுத்ததன் மேல் ஒட்டும். அது அதற்கடுத்ததன் மேல் ஒட்டும். தேவை முடிந்ததும் பொசுபேற்றைக் கழற்றிவிடுவதற்கென்றே வேறு நொதியங்கள் இருக்கின்றன. ஒட்டுவதும் கழற்றுவதும் சரியாக நடக்கும்வரை கலம் ஒழுங்காக இருக்கும்.

முன்னர் விஞ்ஞானிகள் இந்த இரண்டு பாதைகளையும் வெவ்வேறாகவே படித்தார்கள். ஸ்டெரொயிட் ஓமோன் உள்ளே போய் நேரே கருவில் வேலை செய்யும். வளர்ச்சிக் காரணி வெளியே நின்று கைமாற்றி வேலை செய்யும். பாடப்புத்தகத்தில் இரண்டு படங்கள் இரண்டு பக்கங்களில் இருக்கும். நாமும் அப்படித்தான் பரீட்சைக்கு எழுதினோம். ஆனால் கலத்துக்குள் அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

எலிகள் சொன்ன சாட்சி

1991 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், பெர்ட் ஓமாலியின் ஆய்வுகூடத்தில் ஒரு வியப்பான செய்தி கிடைத்தது. டோபமைன் நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் ஒரு சிறு மூலக்கூறு. அது ஸ்டெரொயிட் அல்ல. அதைக் கலங்களுக்குக் கொடுத்தபோது, புரோஜெஸ்தரோன் ஒரு துளிகூட இல்லாத நிலையிலும் புரோஜெஸ்தரோன் வாங்கி வேலை செய்யத் தொடங்கியது. சாவி வராமலே பூட்டுத் திறந்தது.

அதே காலத்தில் வட கரோலினாவில் உள்ள சுற்றாடல் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் எலிகளை வைத்து வேறொரு சோதனை நடந்தது. சூலகம் அகற்றப்பட்ட பெண் எலிகளில் ஈஸ்ரஜன் குறைந்து கருப்பை சுருங்கிப்போகும். அந்த எலிகளுக்கு ஈஸ்ரஜனுக்குப் பதிலாக மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கொடுத்தார்கள். கருப்பைக் கலங்கள் ஈஸ்ரஜன் வந்தது போலவே பெருகின.

வளர்ச்சிக் காரணி தன் சொந்தப் பாதையிலேயே அதைச் செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சரியான கேள்வி. அதனால் ஈஸ்ரஜன் வாங்கியைத் தடுக்கும் ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். விளைவு குறைந்துவிட்டது. 1996 இல் இன்னும் உறுதியான சாட்சி கிடைத்தது. ஈஸ்ரஜன் வாங்கிக்குரிய பரம்பரையலகு செயலிழக்கச் செய்யப்பட்ட எலிகளில், வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தும் ஈஸ்ரஜன் போன்ற அந்தப் பதில் வரவில்லை. ஆகவே வெளியே நின்ற செய்தி, உள்ளே இருந்த ஈஸ்ரஜன் வாங்கியைப் பயன்படுத்தித்தான் வேலை வாங்கியிருக்கிறது.

எப்படி என்பதற்கு 1995 இல் ஷிகெயாகி கட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் குழுவினரும் விடை தந்தார்கள். வளர்ச்சிக் காரணியால் விழித்தெழும் ஒரு கைனேசு, ஈஸ்ரஜன் வாங்கியின் 118ஆவது இடத்தில் இருக்கும் செரைன் என்ற அமினோவமிலத்தின் மேல் பொசுபேற்றை ஒட்டுகிறது. ஒட்டியதும் வாங்கியின் வேகம் கூடுகிறது. 167ஆவது இடத்திலுள்ள செரைனிலும் ஒட்டும் கைனேசுகள் உண்டு என்பது தெரியவந்தது. 595 மணிகள் கோத்த ஒரு மாலையில் ஒரேயொரு மணியின் மேல் ஒட்டும் சிறு துணுக்கு அது. அவ்வளவு சிறிய மாற்றம் கலத்தின் போக்கையே மாற்றப் போதுமாக இருக்கிறது.

கங்காணிக்கு இரண்டு காது

இப்போது பெரியும்மாவின் கேள்விக்கு வரலாம்.

ஈஸ்ரஜன் வாங்கியில் பரம்பரையலகைத் தூண்டும் பகுதிகள் இரண்டு உண்டு. ஒன்று, ஓமோன் அமரும் பை இருக்கும் பகுதி. ஓமோன் வந்து அமர்ந்ததும் அங்குள்ள ஒரு சுருள் மூடி போல மடிந்து, துணைப் புரதங்கள் வந்து ஒட்டுவதற்கு இடம் அமைத்துக் கொடுக்கும். தமொக்சிபென் அமர்ந்தால் அதன் நீண்ட கை அந்த மூடியை மடியவிடாது. மூடி விலகிப்போய், துணைப் புரதங்கள் ஒட்ட வேண்டிய இடத்தையே அடைத்துக்கொள்ளும். 1998 இல் வெளியான பளிங்குருப் படங்களில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

மற்றது, சங்கிலியின் முன்முனையில் இருக்கும் பகுதி. அதற்கு ஓமோன் தேவையில்லை. 118ஆவது, 167ஆவது இடங்கள் இருப்பது அங்கேதான். கைனேசுகள் பொசுபேற்று ஒட்டி உசுப்புவது இந்தப் பகுதியைத்தான். தமொக்சிபென் இதை மூடுவதில்லை.

கங்காணியின் ஒரு காதில் பஞ்சு அடைத்தாயிற்று. ஒப்பீஸ் கட்டளை கேட்காது. மற்றக் காது திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் கணக்கப்பிள்ளை வந்து நின்று, “பெக்டரிக்குக் கொழுந்து காணாது, ஆளை அனுப்பு, அனுப்பு” என்று விடாமல் சொன்னால் கங்காணி ஆட்களை அனுப்பத்தான் செய்வார்.

சாதாரண கலத்தில் இந்தக் கணக்கப்பிள்ளை அளவோடுதான் பேசுவார். ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரையானவற்றில் ஹெர்-2 என்ற அன்டெனா அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடுகிறது. அப்போது வெளியே செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே கைனேசுகள் ஓயாமல் ஓடும். வாங்கியின் மேலும் பொசுபேற்று ஒட்டும். அதற்குத் துணை வரும் புரதங்களின் மேலும் ஒட்டும். துணைப் புரதங்கள் இப்படி உசுப்பப்பட்டு மிகுந்துவிட்டால், தடுக்க வந்த தமொக்சிபெனே அரைகுறைத் தூண்டியாக மாறிவிடவும் கூடும். ஹெர்-2 உம் ஏ.ஐ.பீ.1 என்ற துணைப் புரதமும் இரண்டுமே மிகுதியாக இருந்த பெண்களில் தமொக்சிபெனின் பலன் குறைவாக இருந்ததை 2003 இல் ஹூஸ்டன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

நோய் திரும்பி வருவதற்கு இது ஒன்றுதான் காரணம் என்பதல்ல. சிலரில் வாங்கியின் பரம்பரையலகே விகாரமடைந்து, ஓமோன் இல்லாமலே மூடி மடிந்த நிலையில் நின்றுவிடுவதுண்டு. சிலரில் வாங்கியே இல்லாமற்போவதும் உண்டு. பெரியும்மாவின் முதல் ரிப்போட்டில் ஹெர்-2 வரியில் ‘1+’ என்று இருந்தது. அதை மிகுதி என்று கொள்வதில்லை. திரும்பி வந்த கட்டியிலிருந்து துண்டெடுத்துப் பரிசோதித்தபோது ஈஸ்ரஜன் வாங்கி அப்படியே இருந்தது. ஹெர்-2 வரியில் ‘3+’ என்று இருந்தது. பூட்டு அடைத்தபடியே இருக்கிறது, கதவைத் திறக்கும் கை உள்ளே வளர்ந்திருக்கிறது என்று அந்த இரண்டு வரிகளை நான் வாசித்துக்கொண்டேன்.

நன்மைக்கும் இதே வழி

சமிக்ஞைப் புரதங்கள் நமக்கு எதிரிகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஓமோன் குறைவாக இருக்கும் நேரத்தில் வாங்கிக்குக் கைகொடுப்பதும், கூடும் நேரத்தில் அடக்கி வைப்பதும் இவைதான். படைத்தவன் உடலில் வைத்த ஒழுங்கு அது.

எங்கள் மலைநாட்டுக் குளிரில் வீசிங் இல்லாத லயமோ வீடோ குறைவு. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்துகளில் ஸ்டெரொயிட் இருக்கும். அது கோட்டிசோலின் வாங்கியில் அமர்ந்து சுவாசக் குழாயின் அழற்சியை அடக்கும். அதே இழுவையில் சல்மெற்றரோல் போன்ற, குழாயை விரிக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இந்த இரண்டாவது மருந்து கலத்தின் மேற்பரப்பைத் தொட்டுச் சமிக்ஞை அனுப்பும் வகை. அது சேரும்போது ஸ்டெரொயிட் வாங்கி கருவுக்குள் போவது கூடுகிறது என்பதை 2005 இல் லண்டன் ஆய்வாளர்கள் நோயாளிகளின் சளியிலிருந்து எடுத்த கலங்களிலேயே காட்டினார்கள். புற்றுநோயில் நமக்குத் துன்பம் தந்த அதே தொடர்பு, இங்கே நோயாளியின் பக்கம் நின்று வேலை செய்கிறது.

இரண்டு காதையும் சேர்த்து அடைப்பது

தொடர்பு விளங்கியதால்தான் மருந்தும் வந்தது. ஹெர்-2 அன்டெனாவைப் பிடித்து அடக்கும் ட்ராஸ்டுசுமாப் 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாங்கியை அடைப்பதோடு நிற்காமல் அதைச் சிதைத்தே விடும் புல்வெஸ்ட்ரண்ட் 2002 இல் வந்தது. சமிக்ஞைப் பாதையின் நடுவில் கைவைக்கும் எவெரோலிமஸை ஓமோன் மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதற்கு 2012 இல் அனுமதி கிடைத்தது. கலப்பிரிவை ஓட்டும் கைனேசுகளைத் தடுக்கும் பல்போசிக்லிப் 2015 இல் வந்தது. இவற்றின் பின்னால் உள்ள எண்ணம் ஒன்றே: ஒப்பீஸ் கட்டளையையும் கணக்கப்பிள்ளையின் குரலையும் சேர்த்து நிறுத்த வேண்டும். எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் டொக்டர்தான்.

இதை வாசித்துவிட்டு, ஒரு காதை மட்டும் அடைக்கும் குளிசை எதற்கு என்று எந்தச் சகோதரியும் எண்ணிவிடக் கூடாது. ஈஸ்ரஜன் வாங்கி உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து வருடங்கள் தமொக்சிபென் எடுத்தவர்களில், பதினைந்து வருடங்களுக்குள் அந்நோயால் ஏற்படும் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து பார்த்து, 2011 இல் வெளியிட்ட முடிவு இது. பெரும்பாலான பெண்களில் அந்த ஒரு காதுதான் பிரதான காது. சுகமாகிவிட்டது என்று நினைத்துக் குளிசையை இடையில் நிறுத்துவது ஆபத்து.

நோன்பில் மறந்துபோன அந்த இரண்டு மூன்று நாட்கள்? தமொக்சிபென் உடலைவிட்டு மெதுவாகத்தான் நீங்கும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். உடலில் அது மாறி உண்டாகும் இன்னொரு சேர்வைக்கு இரண்டு வாரங்கள்கூட ஆகும். நாலு வருடத்தில் தவறிய இரண்டு மூன்று நாட்கள் பூட்டைத் திறந்துவிடவில்லை. மறக்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டதை நினைத்து ஒருவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு ராத்தூக்கம் இழக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நோன்பில் நேரம் மாறும்போது இஃப்தாருக்குப் பிறகு என்றோ ஸஹருக்கு என்றோ ஒரு நேரத்தைக் கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொண்டால் மறதியும் வராது.

இதையெல்லாம் பெரியும்மாவிடம் பிரட்டுக்களத்தை வைத்துத்தான் சொன்னேன். எங்கள் பெரியப்பாவின் கடையில் தோட்டத்துக் கணக்கு வைத்திருந்த காலத்திலிருந்தே அவருக்குக் கங்காணிகளையும் கணக்கப்பிள்ளைகளையும் தெரியும். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப எண்ட பிழை இல்ல.”

“இல்ல பெரியும்மா.”

“அந்தக் கணக்கப்பிள்ளையப் புடிக்கவா இப்ப கண்டிக்கு வரச் சொல்ற?”

“ஓம். மூணு கிழமைக்கு ஒருக்கா ஏத்துற மருந்து. குளிசையும் இருக்கும்.”

அவர் எழுந்து போய், வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கிளினிக் கொப்பிகளையும் ரிப்போட்டுகளையும் ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு என் கையில் தந்தார். இப்போது கண்டிக்குப் போய் வருகிறார். அல்ஹம்துலில்லாஹ், மருந்து ஒத்துக்கொள்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் அவர்களுடைய ரிப்போட்டை வாங்கிப் பாருங்கள். ஈஸ்ரஜன் வாங்கி, புரோஜெஸ்தரோன் வாங்கி, ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும். நோய் திரும்பி வந்தால் அந்த மூன்று வரிகளையும் மறுபடி பார்த்தார்களா என்று டொக்டரிடம் மரியாதையோடு கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. உம்மா, சாச்சி, மாமி என்று முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களைச் சுவநாரி கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். 1996 முதல் நம் நாட்டில் நடக்கும் அந்தக் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இலவசம். நோய்க்கு மருத்துவம் தேடுவது நம் மார்க்கம் காட்டிய வழி. தேடுகிறவர்களுக்கு அல்லாஹ் ஷிபாவைத் தருவானாக.